வயிற்றுப் பக்கம் மேல்

மார்ச் 14, வியாழன்.

முதலில் என் தவறு. வழக்குக் கோப்பில் ஒட்டச் சொல்லி அண்ணி கொடுத்த ஏழு படங்களில் மூன்றாவதைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். ஆறு சரி, ஒன்று தவறு. மாலை வகுப்பில் ஏழுக்கு ஆறு வாங்கினால் முதுகில் தட்டுவார்கள். துப்பறியும் அலுவலகத்தில் எங்கே தட்டுவார்கள் என்று யோசித்தபடியே இன்று காலை படியேறினேன்.

தவறு தெரியவந்த விதம் இன்னும் மோசம். நேற்று வகுப்புக்கு அந்தக் கோப்பையே எடுத்துப் போயிருந்தேன். (போயிருக்கக் கூடாது. அது நேற்றைய தவறு என்பதால் இன்றைய கணக்கில் சேர்க்கவில்லை.) கட்டட வரைபட ஆசிரியரிடம், வாசலுக்கு மேலுள்ள செங்கல் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்த மூன்றாவது படத்தைப் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இது யாரு பாயிண்டிங் பண்ணது? மழை பெஞ்சா தண்ணி உள்ளயே நிக்கும். அந்த ஆளை முதல்ல வேலைய விட்டு அனுப்பு."

வீட்டுக்கு வந்து படத்தை உரித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் மேல் என்று காட்ட, படத்தின் பின்னால், அதை எடுத்த கட்டடப் பொறியாளர் பென்சிலால் ஓர் அம்பு போட்டிருந்தார். என் பசையில் பாதி ஊறிய அந்த அம்பு, கோப்பில் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் வங்கியில் இருக்கிறான். எங்கள் வீட்டுக்குச் சம்பளம் வருவது அவனால், சுவாரசியம் வருவது அண்ணியால். அண்ணியின் துப்பறியும் அலுவலகம் ஒரு சாவிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படியேறி எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் சாவியைத் தொலைத்தவர்கள், கதவு மாறித் தட்டுபவர்கள். நான் உதவியாளன். குறிப்பெடுப்பது, அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிப்பது, பயம் வந்தால் வாயை விடுவது ஆகிய மூன்றும் என் வேலை. மூன்றாவதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

வழக்கை இங்கே சுருக்கமாக எழுதி வைக்கிறேன், எனக்கே ஒருமுறை தெளிவாகட்டும்.

வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே சுவரின் பாரத்தைத் தாங்குகிற உத்தரம்தான் லிண்டல். இப்போது அதைத் தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவந்து இரு சுவர்களின் மேல் தூக்கி வைத்துவிடுகிறார்கள். செங்கல் சுவரின் நடுவே வெறும் கான்கிரீட் தெரிந்தால் அழகில்லை என்பதால், அதன் முகத்தில் விரல் தடிமன் செங்கல் பட்டைகளை இரண்டு வரிசையாக ஒட்டி, இடைவெளியில் கலவை பூசி, அதாவது பாயிண்டிங் இழுத்து, அனுப்புவார்கள். சுவரோடு சுவராகக் கலந்துவிடும். செங்கல் வேஷம் போட்ட கான்கிரீட். வேஷத்துக்குள்ளே தடித்த கம்பி இரண்டு அடியில், மெல்லிய கம்பி இரண்டு மேலே. பாரம் ஏறினால் லிண்டலின் அடிப்பக்கம்தான் விரியப் பார்க்கும், தடித்த கம்பி அங்கேதான் இருக்க வேண்டும். (ஒரு ரப்பரை வளைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பிறகு இன்னொரு ரப்பரையும்.)

ஒரு பல் மருத்துவமனையின் வாசலுக்கு மேல் வைத்த அப்படியொரு லிண்டல், மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றிய அன்றே நடுவில் விரிசல் விட்டு இரண்டு விரல் தொங்கிவிட்டது. செவிலி ஒருத்தி அந்த வாசலைத் தாண்டிப் போய் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முட்டுக் கொடுத்து, படம் எடுத்து, இறக்கி, முனையை உடைத்துப் பார்த்தார்கள். வாசலுக்கு மேல் இருந்தபோது எது மேல்பக்கமோ அங்கே தடித்த கம்பி. அதாவது லிண்டல் தலைகீழாக நின்றிருக்கிறது. அதைத் தூக்கி வைத்த கொத்தனார், கேட்பதற்கு முன்பே, கவனக்குறைவாகத் தலைகீழாக வைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒப்புதல் கிடைத்த வழக்கில் துப்பறிய என்ன இருக்கிறது? அதைத்தான் நான் எங்களை அமர்த்திய அந்தக் கட்டட ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். அவர் கேட்டது இதுதான்: இருபத்திரண்டு வருடமாகத் தன்னிடம் வேலை செய்யும் மனிதர், தூக்கத்தில்கூட ரசமட்டத்தைக் கோணலாகப் பிடிக்காதவர், ஏன் பொய் சொல்கிறார்? நாளை காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அந்த ஒப்புதலை ஏற்றுக்கொண்டால் கொத்தனாரின் தொழில் அட்டை ரத்தாகும், வழக்கும் பாயும். அதன் பிறகு அவர் எந்தச் சாரத்திலும் ஏற முடியாது. குற்றம் செய்யவில்லை என்பவனைக் குற்றவாளியாக்குவதுதான் எங்கள் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது வேறு மாதிரி.

படத்தைத் தலைகீழாக ஒட்டியதை அண்ணியிடம் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அப்போ நேரா வெச்சா பாயிண்டிங் சரியா இருக்கா?" என்றார்.

நேராக வைத்துக் காட்டினேன். பாயிண்டிங்கில் ஒரு சரிவு உண்டு. மேல் செங்கலுக்கு அடியில் கலவையைச் சற்று உள்ளே அழுத்தி, கீழ்ச் செங்கலின் விளிம்புக்குச் சரித்து இழுப்பார்கள். மழைநீர் நிற்காமல் வெளியே வழியும். படத்தில் அந்தச் சரிவு, வகுப்பில் கரும்பலகையில் வரைந்த மாதிரியே இருந்தது. லிண்டல் வாசலுக்கு மேல் நின்றபடி எடுத்த படம் அது.

அண்ணி படத்தை ஒருமுறை திருப்பினார், மறுபடி திருப்பினார். கொத்தனார் லிண்டலைத் தலைகீழாக வைத்திருந்தால் பாயிண்டிங்கும் சேர்ந்து தலைகீழாகத்தானே போயிருக்க வேண்டும் என்று கேட்டார். கம்பி தலைகீழ், முகம் மட்டும் நேர். ஒரே ஆள் தலைகீழாக நிற்கும்போது முகம் மட்டும் எப்படி நேராக இருக்கும்?

"கழுத்து சுளுக்கியிருக்கும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

காலை பத்தே முக்காலுக்கு ஒப்பந்தக்காரரின் கிடங்கு. லிண்டல் மணலில் கிடந்தது. காவலாளிக்கு எங்கள் மேல் அவ்வளவு மரியாதை இல்லை, என் மேல் சுத்தமாக இல்லை. ஒவ்வொரு லிண்டலிலும் மேல்பக்கத்தில் தொழிற்சாலை ஓர் அம்பு போட்டு அனுப்பும், அதைப் பார்த்துத்தான் கொத்தனார்கள் தூக்கி வைப்பார்கள். இதில் அம்பே இல்லை. கொத்தனார் சுரண்டிவிட்டார் என்பது தொழிற்சாலை மேலாளரின் புகார். சுரண்டியது நிஜம்தான் என்றார் காவலாளி. லிண்டலை இறக்கிய அன்று மத்தியானம் கொத்தனார் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார், கரணை உரசும் சத்தம் கேட்டது. மாட்டிக்கொள்வோம் என்று அழித்திருப்பார், வேறென்ன என்றார்.

எந்தப் பக்கம் சுரண்டினார் என்று அண்ணி கேட்டார். அது காவலாளிக்குத் தெரியவில்லை. பொறியாளரும் பார்க்கவில்லை, மேலாளரும் பார்க்கவில்லை. எல்லோரும் அம்பு இல்லை என்பதைப் பார்த்தார்கள், எங்கே இல்லை என்பதைப் பார்க்கவில்லை.

கடப்பாரை போட்டு நானும் காவலாளியும் லிண்டலைப் புரட்டினோம். (என் பங்கு கடப்பாரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.) மணல் உதிர்ந்ததும் தெரிந்தது: உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாகச் சுரண்டிய வெள்ளைத் தழும்பு. உடைந்த முனையைப் பார்த்தேன். தழும்பு இருந்தது தடித்த கம்பியின் பக்கம். சந்தேகம் வந்து மறுபடி பார்த்தேன். அதே பக்கம்தான்.

குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: அம்பு இருந்தது தவறான பக்கத்தில். கொத்தனார் அம்பைப் பார்த்துச் சரியாகவே வைத்திருக்கிறார். தவறு தொழிற்சாலையுடையது. இதற்கு ஒரே சாட்சி அந்த அம்பு. அதைச் சுரண்டியது கொத்தனார்.

எழுதிவிட்டுப் பார்த்தால் கடைசி வரி மட்டும் மற்ற மூன்றோடு சேர மறுத்தது. தன்னைக் காப்பாற்றும் சாட்சியைத் தானே அழிக்கும் மனிதன் உண்டா? என் வாக்கியத்தில்தான் பிழை இருக்கும் என்று நினைத்து அண்ணியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "எழுத்து சரியா இருக்கு தம்பி. ஆளுதான் புரியல" என்றார்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தொழிற்சாலை. மேலாளர் எங்களை வாசலிலேயே வரவேற்றார். ஒப்புதல் கடிதத்தின் நகல் அவர் சட்டைப் பையில், பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது. இங்கே தவறு நடக்க வாய்ப்பே இல்லை என்று அவர் சொன்னதை எண்ணினேன். மொத்தம் ஐந்து முறை.

அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பேசும்போது அளவுநாடாவை எடுத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பார். எண்ணைப் பார்க்கவே மாட்டார். அளக்கிறவர் எதிரே பொய் சொல்வது கஷ்டம் என்பது அவர் கொள்கை. மேலாளர் பொய் எதுவும் சொல்லவில்லை. அவர் பெருமைப்பட்டதெல்லாம் உண்மை. வார்க்கும்போது மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாகத் தேய்க்கிறார்கள், கை வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது என்று தடவிக் காட்டினார். உண்மைதான், தெரியவில்லை. முன்பெல்லாம் வார்ப்பவர்களே ஈரத்தில் சிவப்புச் சாயத்தால் மேல்பக்கம் அடையாளம் வைப்பார்களாம். மழையில் சாயம் வழிந்து செங்கல் முகம் கறைபட்டதால் அதை நிறுத்திவிட்டார். இப்போது முகம் ஒட்டி, பாயிண்டிங் முடித்த பிறகு, அந்த மேசையிலேயே கறுப்பு மையால் அம்பு போடுகிறார்கள். சுத்தமாக இருக்கிறது.

வாசல் லிண்டல்களுக்கு முகம் ஒட்ட ஒரே மேசை, அதில் ஒரே அக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெரிய ஜன்னலைப் பார்த்து நின்று, கிடத்தி வைத்த லிண்டலின் மேல் செங்கல் பட்டைகளைச் சீட்டு அடுக்குவதுபோல அடுக்கிக்கொண்டிருந்தார். மேசை ஜன்னல் சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அண்ணி நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நானும் குனிந்தேன். சுவருக்கும் மேசைக் காலுக்கும் இடையில், யாரும் நுழையவே முடியாத இடத்தில், சிமெண்ட் தரை இரண்டு பாதம் அகலத்துக்குத் தேய்ந்து பளபளத்தது.

மேசைக்கு அடியில் நின்று வேலை செய்ய இங்கே குள்ளர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்டதற்கு மேலாளர் சிரிக்கவில்லை. ஆனால் பதில் சொன்னார், அதுவும் ஆசையோடு. போன மாதம்வரை மேசை சுவரிலிருந்து தள்ளி இருந்தது. அக்கா ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவர் நிழலே வேலையின் மேல் விழும். வெளிச்சத்துக்காக மேசையை ஜன்னலோரம் தள்ளச் சொன்னது மேலாளரின் யோசனை. அதற்கான அறிவிப்பு இன்னும் தூணில் ஒட்டியிருந்தது, அவர் கையெழுத்தோடு. பழக்கதோஷத்தில் அதை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்தேன்: "ஒளி வசதிக்காக இம்மாதம் 2ஆம் தேதி முதல் முகம் ஒட்டும் மேசை ஜன்னலோரம் நகர்த்தப்படுகிறது. வேலை முறையில் எந்த மாற்றமும் இல்லை."

வண்டியிலிருந்து லிண்டலைத் தூக்கி மேசையில் கிடத்துபவர்களிடம் அண்ணி கேட்டார். மேல்பக்கம் எப்போதும் ஜன்னல் பக்கம்தான், இன்றைக்கு நேற்றா என்றார்கள்.

பிறகு அக்காவிடம் போனார். எல்லாம் வழவழவென்று இருக்கிறதே, எது மேல்பக்கம் என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று, ஏதோ சமையல் பக்குவம் கேட்கிற தொனியில் கேட்டார். அக்கா கையை நிறுத்தாமல் சிரித்தார்.

"கண்டுபிடிக்க என்னம்மா இருக்கு. வயித்துப் பக்கம் மேல். பதினாலு வருஷமா அப்படித்தான்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்காவின் வயிற்றைப் பார்த்தேன். பிறகு பார்க்கக் கூடாது என்று தோன்றி மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்ற காலத்தில், ஜன்னல் பக்கம்தான் அவர் வயிற்றுப் பக்கம். மேசையைத் தள்ளிய பிறகு அவர் எதிர்ப்புறம் வந்துவிட்டார், இப்போது அவர் வயிற்றுப் பக்கம் இருப்பது அடிப்பக்கம். லிண்டல் திரும்பவில்லை. அவர் திரும்பிவிட்டார். வேலை முறையில் எந்த மாற்றமும் இல்லை.

வாயைத் திறந்தேன். அண்ணி நாடாவின் பொத்தானை அழுத்தினார். நாடா சீறிக்கொண்டு வந்து என் விரலைச் சுண்டிவிட்டுப் பெட்டிக்குள் போனது. மூடிக்கொண்டேன்.

பல் மருத்துவமனை விஷயமாகவா வந்திருக்கிறீர்கள் என்று அக்காவே கேட்டார். ஆமாம் என்றதும் கை முதல்முறையாக நின்றது. மேலாளர் தள்ளி இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கொத்தனாரு என் வீட்டுக்காரருதாம்மா. ஊர்ல எவன் சுவரு கட்டினாலும் நொட்டை சொல்ற மனுஷன். நான் அம்பு போட்டே அனுப்பறேன், அதையும் தலைகீழா வெச்சிருக்காரு. மூணு நாளா தட்டு வைக்கும்போதெல்லாம் கேக்கறேன், தட்டு நேரா இருக்கா பாத்துக்கங்கன்னு."

அவர் சொன்ன விதத்தில் நானே சிரித்துவிட்டேன். அந்த அம்பே தவறு என்பது அவருக்கு இன்னும் தெரியாது என்று தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அண்ணி அனுப்புகைப் புத்தகத்தையும் பார்த்து முடித்திருந்தார். இரண்டாம் தேதிக்குப் பிறகு அந்த மேசையிலிருந்து போனவை பன்னிரண்டு. ஒன்று பல் மருத்துவமனைக்கு. மீதி பதினொன்று எங்கே என்று கேட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு புதிய பள்ளிக்கூடத்துக்கு. வேறு ஒப்பந்தக்காரர், வேறு கொத்தனார்கள். திங்கட்கிழமை திறப்பு. மாடித் தொட்டியில் சனிக்கிழமை தண்ணீர் ஏற்றுகிறார்கள்.

அண்ணி நின்ற இடத்திலிருந்தே எங்கள் ஒப்பந்தக்காரருக்கும் பள்ளிக் கட்டடத்தின் பொறியாளருக்கும் போன் செய்தார். பொறியாளர் தொட்டிக் குழாயை மூடுவதாகச் சொன்னார். ஆனால் தெரியாத ஒரு பெண்ணின் பேச்சை நம்பிப் பதினொரு சுவர்களுக்கு முட்டுக் கொடுக்க முடியாது என்றும், அந்த லிண்டலை வைத்தவரே தன் தவறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அதுதான் தொல்லை.

மாலை ஐந்தரைக்குக் கொத்தனார் வீடு. மூன்றாவது மாடியில் ஒன்றரை அறை. அக்கா வேலையிலிருந்து திரும்ப இன்னும் அரை மணி இருந்தது. அந்த வீட்டில் நாட்காட்டிகூட ரசமட்டம் பார்த்து மாட்டியதுபோல இருந்தது. கொத்தனார் ஒரு நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அடியில் அட்டை செருகிக்கொண்டிருந்தார். என்னை அதில் உட்காரவைத்தார், ஆடவில்லை. வேலை இல்லாத மூன்று நாளில் அந்த வீட்டில் ஆடுகிற பொருள் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுவராகிவிட்டது. தான்தான் வைத்தேன், தன் தப்புதான், எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றார். ஒரு மனிதன் தப்பு செய்தேன் என்று சொன்னால் அதைக்கூட நம்ப மாட்டீர்களா என்று கோபப்பட்டார்.

"தப்பு பண்ணலேன்னு சொல்றவங்களைத்தான்ணே நாங்க வழக்கமா நம்பறதில்ல. நீங்க எங்க பொழப்பையே புரட்டிப் போடறீங்க" என்றேன். பயத்தில் வந்தது. ஆனால் அண்ணி இந்த முறை நாடாவை எடுக்கவில்லை. மூன்றாவது படத்தை எடுத்து, நேராகத் திருப்பி, அவர் எதிரே வைத்தார்.

"அண்ணே, இந்தப் பாயிண்டிங் சரியா தப்பா?"

கொத்தனார் படத்தில் தெரிந்த சரிவைக் கட்டைவிரலால் தடவினார். தொழில் தெரிந்தவரால் அதற்குப் பொய்ப் பதில் சொல்ல முடியவில்லை என்று தோன்றியது.

"முகம் நேரா இருந்துச்சு, அம்பும் மேல பாத்துச்சு. நீங்க வெச்சது சரி. முனைய உடைச்சு தடிச்ச கம்பி மேல தெரிஞ்சப்போ, எல்லாரும் உங்களைப் பாத்தாங்க. நீங்க அம்பைப் பாத்தீங்க. அது அக்கா போட்டது. எல்லாரும் உங்க தப்பை நீங்க சுரண்டி எடுத்துட்டதா நினைச்சுட்டு இருக்காங்க. நீங்க சுரண்டினது உங்க தப்பை இல்லண்ணே. உங்க மேல தப்பில்லங்கறதைத்தான் சுரண்டிட்டீங்க."

நாட்காட்டியின் தாள் காற்றில் ஒருமுறை எழுந்து படிந்தது. கொத்தனார் அதைப் பார்த்தபடி பேசினார். அவளுக்குப் பதினாலு வருட வேலை. மேலாளர் யார் தலையில் கட்டலாம் என்று காத்திருப்பவர். தனக்கென்ன, அட்டை போனால் சந்தையில் மூட்டை தூக்கலாம், வயிற்றைக் கழுவ வழியா இல்லை. ஒரே ஒரு லிண்டல், யாருக்கும் அடியும் படவில்லை, இதோடு போகட்டும் என்றார்.

"ஒண்ணு இல்லண்ணே. பன்னெண்டு" என்றார் அண்ணி.

மேசை நகர்ந்ததையும், பதினொரு லிண்டல்களையும், பள்ளிக்கூடத்தையும், சனிக்கிழமைத் தண்ணீரையும் வரிசையாகச் சொன்னார். அங்கே யாரும் முட்டுக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், ஏனென்றால் தவறு உங்கள் கையில்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், அந்தத் தாள்தான் பதினொரு சுவரையும் பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்றார். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை.

கொத்தனார் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தபோது வாசலைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தேன். அக்கா சாப்பாட்டுப் பையோடு கதவருகே நின்றிருந்தார். அரை மணி என்று நான் போட்ட கணக்கு தவறு. எவ்வளவு நேரமாக நின்றார் என்பதும் தெரியவில்லை. போதுமான நேரம் என்று மட்டும் முகத்தில் எழுதியிருந்தது.

அவர் அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, நீளமானது நாலு, குட்டை ஏழு, எல்லாம் தன் கைதான் என்றார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"என் அம்புன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"வால்ல ஒரு சுழி போடுவியே. கடைச் சீட்டுல டிக் போட்டாலும் அந்தச் சுழிதானே."

"மூணு நாளா அந்தத் திட்டு திட்டினேனே. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"திட்டு பழகிடுச்சு" என்றார் கொத்தனார். "உனக்கு வேல போறதுதான் பழகல."

அக்கா அந்த நாற்காலியைத் தேடி வந்தார். அதில் நான் இருந்ததால் நான் எழுந்துவிட்டேன். அந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, நல்லவேளையாக எதுவும் தோன்றவில்லை. நாளைக்குக் குழுவின் முன் தானே வந்து வயிற்றுப் பக்கக் கணக்கைச் சொல்வதாக அக்கா சொன்னார். வேலை போனால் போகட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலைக்கு மேல் தன் கை வேலை தலைகீழாக நிற்பதை வைத்துக்கொண்டு தூங்க முடியாது என்றார்.

வேலை போகாது என்றார் அண்ணி. நிச்சயமா என்று கேட்டார் அக்கா. அண்ணி என் பக்கம் கையை நீட்டினார். ஒரு கணம் புரியவில்லை. பிறகு குறிப்பேட்டைத் திறந்து, தூணிலிருந்து நகலெடுத்த இரண்டு வரிகளைப் படித்தேன். "வேலை முறையில் எந்த மாற்றமும் இல்லை" என்பதோடு மேலாளரின் கையெழுத்து, தேதி, எல்லாம் இருந்தன. சொன்னபடி எந்த மாற்றமும் செய்யாமல்தான் அக்கா வேலை செய்திருக்கிறார். கொத்தனார் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்தார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதவில்லை.

அக்கா ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து கணவர் முன் வைத்தார். ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். முடித்ததும் வாங்கிப் பார்த்து, தாள் நேராக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தார். அதை அண்ணி படமெடுத்துப் பள்ளிக் கட்டடத்தின் பொறியாளருக்கு அனுப்பினார். ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது: காலையில் ஆட்களை அழைத்து வாருங்கள்.

இன்றைய மாலை வகுப்பு தவறிவிட்டது. ஆசிரியரிடம் அந்தப் பாயிண்டிங் சரியானதுதான் என்று சொல்ல வேண்டும். அக்காவை வேலையை விட்டு அனுப்பச் சொன்னதை அவர் வாபஸ் வாங்க வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நாளை, வெள்ளி. காலை ஆறு மணி, பள்ளிக்கூடம். வாசலும் ஜன்னலுமாகப் பதினொன்று, ஒவ்வொன்றுக்கும் முட்டு இரண்டு, மொத்தம் இருபத்திரண்டு. கொத்தனார் நிறுத்துவார், நான் எடுத்துக் கொடுப்பேன். பத்து மணிக்கு விசாரணை. அதற்குள் ஏழு படங்களையும் உரித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் அம்பைப் பார்த்து, மறுபடி ஒட்ட வேண்டும்.